சங்குக்கு ஒன்று, இரண்டு யாருக்கு?

2024 செப்டெம்பர் மாதம், திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் எந்தத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சுத்தான்.

"சங்கு வெல்லுமோ, மருமோன்?"

"வெல்லாது மாமா. வெல்லுறதுக்கு எண்டு அவர் நிக்கேல்லைத்தானே."

"அப்ப என்ர வோட்டு வீணாப் போகாதோ?"

"சங்குக்கு ஒண்டு போடுங்கோ. பிறகு உங்களுக்குப் பிடிச்ச ஆளுக்கு ரெண்டு போடுங்கோ."

"ரெண்டு போட்டா ஒண்டு வெட்டுப்படும் எண்டு சொல்லுறாங்களே!"

சங்குச் சின்னத்தில் நின்றவர் மட்டக்களப்பு மாவட்ட முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன். தமிழ்ப் பொது வேட்பாளர் என்று நிறுத்தப்பட்டவர். அவர் ஜனாதிபதியாவார் என்று அவரை நிறுத்தியவர்களே சொல்லவில்லை. அவர் சார்ந்த தமிழரசுக் கட்சியோ செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடி, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று முடிவெடுத்தது. திருகோணமலையின் நீண்டகாலப் பிரதிநிதி இரா. சம்பந்தன் காலமாகி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆகவே 'ஐயா என்ன சொல்லுறார்' என்று கேட்டு முடிவெடுத்துப் பழகியவர்களும் தாமாகவே கணக்குப் போட வேண்டியிருந்தது.

மாமாவின் பயத்துக்குப் பதில் வாக்குச் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை அந்தக் கடையிலேயே விளக்கலாம். "பால் தேத்தண்ணி. இல்லாட்டி பிளேன்ரீ. ரெண்டும் இல்லாட்டி சோடா" என்று கடைப் பெடியனிடம் சொல்கிறீர்கள். பால் இருந்தால் பிளேன்ரீ பற்றி அவன் யோசிக்கவே மாட்டான். பால் தீர்ந்தால்தான் உங்கள் இரண்டாவது சொல்லுக்கு உயிர் வரும். இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் இதே ஏற்பாடுதான். சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேரை வரிசைப்படுத்தலாம். யாராவது செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றால் கதை அத்துடன் முடிந்தது. பெறாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஒரே அடியில் வெளியே. வெளியேறியவர்களின் சீட்டுகளை மட்டும் மீண்டும் விரித்து, 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். அந்த 2உம் வெளியேறிய ஒருவருக்கென்றால் 3ஐப் பார்ப்பார்கள். தேர்தல் இயலில் இதை 'நிபந்தனை வாக்கு' எனலாம்: முதல் ஆள் விழுந்தால் மட்டுமே அடுத்த விருப்பு எழும்.

பிரான்சில் இதற்கு இரண்டு வார இடைவெளியில் இரண்டு தேர்தல் வைக்கிறார்கள். அமெரிக்காவில் கட்சிக்குள்ளேயே மாதக்கணக்கில் முதனிலைத் தேர்தல்கள் நடக்கும்; வெல்லமாட்டார் என்று தெரிந்த ஆளுக்கும் அங்கே கை தூக்கிப் பார்த்துவிட்டு, கடைசிச் சுற்றுக்குத் திரும்பி வரலாம். நம்மவர்கள் இரண்டு சுற்றையும் ஒரே கடதாசியில் மடித்து வைத்துவிட்டார்கள்.

கடதாசியும் சின்னதல்ல. 39 பெயர்கள், இரண்டு அடிக்கும் மேல் நீளம். அளிக்கப்பட்ட 1 கோடி 36 லட்சம் சீட்டுகளையும், ஒன்றுக்கு இரண்டு அடி என்று குறைத்து எடுத்துக்கொண்டு, ஒரே வரிசையாக நீட்டினால் 8,000 கிலோமீற்றரைத் தாண்டும். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் இந்தத் தீவைப் பதினெட்டுத் தடவை அளந்துவிடலாம்.

இனி வெட்டுப்படும் விஷயம். சங்குக்கு 1 போட்டவரின் சீட்டில் உள்ள 2ஐ, சங்கு தோற்று வெளியேறும் வரைக்கும் யாரும் எண்ணமாட்டார்கள். எண்ணப்படும் நேரத்தில் அந்த 1 தன் வேலையை முடித்துவிட்டது. ஆகவே 2 போட்டதால் 1க்கு ஒரு நாளும் கேடு வராது. 'பின்விருப்பால் முன்விருப்புக்குக் கேடின்மை' என்று இந்தக் குணத்துக்குப் பெயர் வைக்கலாம். உலகின் பல வாக்கு முறைகளுக்கு இந்தக் குணம் கிடையாது.

பின்னே ஏன் இந்தப் பயம்? என் எண்ணத்தில், குற்றவாளி ஒரு சொல். நாடாளுமன்றத் தேர்தலிலும் 'விருப்பு வாக்கு' உண்டு. அங்கே கட்சிக்குப் புள்ளடி போட்டபின் அதே பட்டியலில் மூன்று பேர் வரை தெரிவுசெய்யலாம். மூன்றுக்கும் ஒரே பெறுமதி, வரிசை கிடையாது. அங்கே ஒரே கட்சிக்காரர்களே அந்த வாக்குக்காக ஒருவரையொருவர் வெட்டுவார்கள். ஜனாதிபதித் தேர்தலில் வரிசைதான் எல்லாம். இரண்டு வேறு இயந்திரங்களுக்கு ஒரே பெயரை ஒட்டிவிட்டால் சனம் குழம்பாமல் என்ன செய்யும்?

இன்னொரு காரணம் பழக்கமின்மை. 1982 முதல் 2019 வரை எட்டு ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்தன. எட்டிலும் ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டினார். 2005இல் மகிந்த ராஜபக்ச பெற்றது 50.29 சதவீதம், நூலிழை. இரண்டாம் எண்ணிக்கை என்ற பொறி முதல் தேர்தலிலிருந்து 42 ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

2024 செப்டெம்பர் 22ஆம் திகதி அது விழித்தது. அநுரகுமார திசாநாயக்க 56,34,915. சஜித் பிரேமதாச 43,63,035. முதலாமவருக்கு 42.31 சதவீதம்தான். ரணில் விக்கிரமசிங்க உட்பட மற்ற எல்லாரும் வெளியே. அரியநேத்திரன் 2,26,343 வாக்குகளுடன் நாட்டில் ஐந்தாவதாக நின்றார். முன்னணி இருவரின் சீட்டுக் கட்டுகள் கட்டியபடியே கிடந்தன. அந்தச் சீட்டுகள் ஒரு கோடிக்கு வெறும் 2,050 குறைவு. அவற்றில் யார் யாருக்கு 2 போட்டிருந்தார்கள் என்று எண்ண யாருக்கும் தேவை வரவில்லை.

மீண்டும் விரிக்க வேண்டியிருந்தவை 33,21,666 சீட்டுகள். அவற்றிலிருந்து சஜித்துக்கு 1,67,867 வாக்குகளும் அநுரவுக்கு 1,05,264 வாக்குகளும் சேர்ந்தன. இரண்டையும் கூட்டினால் 2,73,131. நூற்றுக்கு எட்டு! மீதி முப்பது லட்சத்துச் சொச்சம் சீட்டுகளில் 1க்குப் பிறகு ஒன்றுமில்லை, அல்லது 2உம் 3உம் தோற்றவர்களுக்கே போயிருந்தன. இவற்றைத் 'தீர்ந்த சீட்டு' என்பார்கள்: செல்லுபடியானதுதான், ஆனால் சொல்ல இனி எதுவும் இல்லாதது. வழக்கமான ஒற்றைப் புள்ளடியும் இந்தக் கணக்கில்தான் சேரும். புள்ளடி போட்டால் வாக்கு விழும். அதற்கப்பால் சீட்டு வாயைத் திறக்காது.

அவர்கள் எல்லாரும் 2 போட்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா? இடைவெளி 12,71,880. அதை மூட, அந்த 33 லட்சத்தில் பத்துக்கு ஏழு பேராவது சஜித்தின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். விருப்பைச் சொன்னவர்களில் அவருக்குக் கிடைத்ததோ பத்துக்கு ஆறு. சங்கின் வாக்குகள் முழுவதும் அவருக்கே போயிருந்தாலும் பத்து லட்சத்துக்கு மேல் பின்னால்தான் நின்றிருப்பார். திருகோணமலை மாவட்டத்தில் சஜித்தே முதலிடம் என்பது வேறு கதை. ஜனாதிபதித் தேர்தலில் மாவட்ட வெற்றிக்குப் பரிசு எதுவும் கிடையாது.

2கள் முடிவை மாற்றுவது முடியாத காரியம் என்றும் நினைக்கவேண்டாம். 1990இல் அயர்லாந்து ஜனாதிபதித் தேர்தலில் மூவர் போட்டியிட்டார்கள். முதல் எண்ணிக்கையில் பிரையன் லெனிஹன் முன்னணி, மேரி ராபின்சன் இரண்டாவது. மூன்றாமவர் வெளியேறியதும் அவருடைய சீட்டுகளின் 2களில் பெரும்பகுதி ராபின்சனுக்குப் போய், அவரே வென்றார். அங்கே சனம் 2 போடப் பழகியிருந்தது.

நம் முறையில் ஒரு தந்திரமும் ஒளிந்திருக்கிறது. இறுதியில் அநுரவுக்கு 57,40,179 வாக்குகள். எஞ்சிய இருவருக்குள் இது ஏறத்தாழ 56 சதவீதம். முதலில் எண்ணிய 1,33,19,616 செல்லுபடியான வாக்குகளை வைத்துப் பார்த்தால் 43 சதவீதம்தான். இரண்டாம் எண்ணிக்கையில் தீர்ந்த சீட்டுகள் கணக்கிலிருந்தே போய்விடுவதால், 'பாதி' என்ற கோடு கீழே இறங்கிக்கொண்டது. எந்த மோசடியும் இல்லை, சட்டமே அப்படி. கடைசி வரை சமநிலை என்றால் என்ன செய்வது என்றும் சட்டம் யோசித்து வைத்திருக்கிறது: திருவுளச் சீட்டு.

மாமா, உங்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை எந்தச் சின்னத்துக்கும் மனம்போல 1 போடுங்கோ. பிறகு, கடைசி இரண்டு பேருக்குள் வரக்கூடியவர்களில் யார் பரவாயில்லை என்று பார்த்து 2 போடுங்கோ. புள்ளடியை மட்டும் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வைத்திருங்கோ.