திரை திறக்க மறுத்தால்

லினக்ஸ் முறையில் இயங்கும் கணிப்பொறியில் ஒரு செயலியை அழைத்ததும், திரையைத் திறக்க இயலவில்லை என்று ஒரு வரி தோன்றி நின்றுவிடுவதுண்டு. உடனே இயந்திரம் பழுதென்று கருதி, உள்ளிருப்பதை அழித்துப் புதிதாக நிறுவச் சொல்வோர் உளர். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணக் கணக்குகள் அதனுள் மட்டுமே இருக்குமாயின் அவையும் அழிந்துபோகும். ஊராட்சி அங்கத்தினர்கள் இதற்கு இசையலாகாது.

1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான எக்ஸ் விண்டோ முறையில், திரையில் வரைவது செயலியன்று. திரைக்குப் பொறுப்பான வேறொரு நிரலே வரைகின்றது. செயலி அதனை அணுக விலாசமும் அனுமதியும் வேண்டும். விலாசம் ‘டிஸ்பிளே’ என்னும் மாறியில் இருக்கும். பெரும்பாலும் ஒரு முக்காற்புள்ளியும் சுழியமுமே. அது வெறுமையாயிருப்பின், விலாசமில்லாக் கடிதத்தின் கதிதான்.

ஒருவர் பெயரில் உள்நுழைந்து, இடையில் நிர்வாகி பெயருக்கு மாறிச் செயலியை அழைத்தால் அனுமதி மறுக்கப்படலாம். முதற்பெயருக்கே திரும்பி அழைத்துப் பார்த்தல் நலம். அனைவருக்கும் திரையைத் திறந்துவிடும் ‘எக்ஸ்ஹோஸ்ட்’ கட்டளையைச் சிலர் எளிய வழியென்பர். பொதுக் கணக்குள்ள இயந்திரத்தில் அதனை ஏற்பதற்கில்லை. தொலைவிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியே இணைவோர் பெரிய எக்ஸ் எழுத்தைச் சேர்த்திட வேண்டும்; சிறிய எக்ஸ் வழியை அடைத்துவிடும்.