பொங் நீர்த்தேக்கத்தில் வரித்தலை வாத்து

ஓர் அணைக்கட்டின் பயன்களைப் பட்டியலிடும்போது பாசனப் பரப்பு, மின் உற்பத்தி, வெள்ளத் தடுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொள்வது மரபு. பறவைகள் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் பியாஸ் ஆற்றின் குறுக்கே 1974-இல் கட்டி முடிக்கப்பட்ட பொங் அணையின் நீர்த்தேக்கமோ, இன்று வரித்தலை வாத்துகள் பெருந்திரளாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் இடங்களுள் ஒன்றாக விளங்குகிறது. 1983-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இது, 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இவ்வாத்தின் வெண்ணிறத் தலையின் பின்புறம் இரு கரிய வரிகள் காணப்படும். எடை 2 முதல் 3 கிலோ. மங்கோலியா, திபெத், லடாக் ஆகிய பகுதிகளின் உயர்நில ஏரிகளில் இனம்பெருக்கி, அக்டோபர் தொடங்கி இமயத்தைக் கடந்து தெற்கே வருகிறது. பறக்கும் உயரம் 7,000 மீட்டருக்கு மேலும் பதிவாகியுள்ளது. காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் அதிகாலையிலும் பறப்பதையே பெரிதும் விரும்புகிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருவதால் தமிழ் வாசகர்களுக்கு இது அறிமுகமான பறவையே.

மழைக்காலத்தின் முடிவில் நிரம்பி நிற்கும் நீர்த்தேக்கம் குளிர்காலத்தில் படிப்படியாக வடிகிறது. அப்போது வெளிப்படும் ஈர நிலத்தில் புல் தழைக்கிறது. வாத்துகள் காலையிலும் மாலையிலும் அங்கு மேய்ந்து, நண்பகலில் கரையோரத்தில் இளைப்பாறுகின்றன. படம் எடுக்க விரும்புவோர் விடியுமுன்பே சென்று அமர்ந்துவிடுவது நலம். முதன்முறை சென்றபோது, இன்னும் சற்று அருகில் செல்லலாம் என்று நான் எழுந்து நடந்தேன். கூட்டம் முழுவதும் எழும்பிவிட்டது. எனக்குக் கிடைத்தவை வால்களின் படங்களே. அந்த இழப்பு என்னுடையது மட்டுமன்று. மார்ச் மாதத்தில் மீண்டும் இமயத்தைக் கடப்பதற்கான கொழுப்பை அப்பறவை சேமிப்பது இந்த மேய்ச்சலில்தான். வீணாக எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அச்சேமிப்பிலிருந்து ஒரு பகுதி செலவாகிறது. ஆகவே 400 மில்லிமீட்டர் லென்ஸும் அசையாமல் அமரும் பொறுமையும் வேண்டும். வெண்ணிறத் தலை வெளிறிவிடாதபடி ஒளியளவைச் சிறிது குறைத்துக்கொள்வதும் அவசியம்.

இத்தகைய படங்களுக்கு அழகைத் தவிர வேறொரு பயனும் உண்டு. பெருங்கூட்டத்தை வெறுங்கண்ணால் மதிப்பிடுவோர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவர். படத்தில் நிதானமாக எண்ணிவிடலாம். இளம் பறவைகளின் தலையில் வரிகள் இராது. எனவே, குளிர்காலத் தொடக்கத்தில் எடுத்த படத்தில் வரியற்ற தலைகளை எண்ணினால், முந்தைய கோடையில் இனப்பெருக்கம் எவ்வாறு இருந்தது என்பது ஓரளவு புலப்படும். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் அடையாளம் காணப்பட்டதும் பட்டையிலுள்ள குறியீட்டைப் படம்பிடித்ததனால்தான்.

எண்ணிக்கையின் அருமை 2020 டிசம்பர் இறுதியில் உணரப்பட்டது. பொங் கரையில் பறவைகள் இறந்து கிடந்தன. எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்று ஆய்வில் உறுதியாயிற்று. சில வாரங்களில் சுமார் 5,000 பறவைகள் மடிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். முந்தைய ஆண்டுகளின் கணக்கெடுப்பு கையில் இராவிடில், இவ்விழப்பு எத்தகையது என்று அளவிட இயலாமற் போயிருக்கும்.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்நீர்த்தேக்கத்தால் சுமார் 20,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவர்களுக்கு ராஜஸ்தானின் கால்வாய்ப் பகுதியில் நிலம் வழங்குவதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அவ்வுறுதி முழுமையாக நிறைவேறாமல் பல்லாண்டுகள் வழக்காடல் நீடித்தது. நீர் வடிந்த நிலத்தில் கரையோர மக்கள் கோதுமை விதைக்கின்றனர். சரணாலயச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. வாத்துகளோ அந்த இளம்பயிரையும் மேய்கின்றன. மூழ்கிய நிலம் தம் முன்னோருடையது என்பாரிடம் சட்டப் பிரிவைச் சுட்டுவது எளிதன்று. பயிரிடுதல் பெருகினால் மேய்ச்சல் நிலம் சுருங்கும் என்பதும் மறுக்கவியலாதது.

படம் எடுப்போர் பொதுவாக இவ்வயலைச் சட்டகத்திலிருந்து விலக்கிவிட்டு, பின்னணியில் தௌலாதார் மலையின் பனியை மட்டும் சேர்த்துக்கொள்கின்றனர். நான் எடுத்தவற்றுள் தெளிவாக அமைந்த படத்தில் முன்னே கோதுமை நாற்று, நடுவே சுமார் முந்நூறு வாத்துகள், வலப்புற ஓரத்தில் கம்பளி போர்த்துக் காவலுக்கு நிற்கும் ஒரு முதியவர்.