கோழிக்கூட்டின் காவல்

திருவனந்தபுரம் நகரத்தை விட்டு நெடுமங்காடு, ஆரியநாடு, விதுரா, பாலோடு ஆகிய ஊர்களை நோக்கிச் செல்வோர், வழிநெடுக வீடுகளைச் சூழ்ந்து நிற்கும் தோட்டங்களைக் காண்பர். மலையாளத்தில் 'பறம்பு' என வழங்கும் இத்தோட்டங்களில் தென்னையும் பலாவும் மரவள்ளியும் மிளகுக்கொடியும் நெருங்கி வளர்ந்திருக்கும். அடுக்களைக்குப் பின்புறம் பெரும்பாலும் ஒரு கோழிக்கூடும் இருக்கும். இத்தோட்டங்களுக்கு அப்பால் அகத்தியமலையின் அடிவாரக் காடுகள் தொடங்குகின்றன. 1958ஆம் ஆண்டில் நெய்யாறும் 1983ஆம் ஆண்டில் பேப்பாறையும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டது இக்காடுகளில்தான். ஆகவே இப்பகுதியில் கோழி வளர்ப்போர் மனிதரைத் தவிர வேறு பல அண்டை வீட்டாருடனும் வாழவேண்டியவராகின்றனர்.

கேரளத்தின் முட்டைத் தேவையில் பெரும்பகுதியை நாமக்கல்லிலிருந்து வரும் லாரிகள் நிறைவேற்றுகின்றன என்பது உண்மையே. எனினும் வீட்டு முற்றத்துக் கோழியின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை. பஞ்சாயத்துகளும், 1998இல் தோன்றிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் மகளிர் குழுக்களும் கோழிக்குஞ்சுகளைக் குடும்பங்களுக்குக் கொண்டு சேர்க்கின்றன. பத்துக் கோழி வளர்க்கும் ஒரு மூதாட்டிக்கு அவை கைச்செலவுக்குக் காசு, பேரக்குழந்தைக்கு முட்டை, பகலெல்லாம் பேச்சுத்துணை. ஒரே இரவில் அவை அழிந்துபோனால் அவர் இழப்பது சில நூறு ரூபாய் மட்டுமன்று.

அத்தகைய இழப்பு எங்களுக்கும் ஒருமுறை நேர்ந்தது. நெடுமங்காட்டுப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் பதினொரு கோழிகள் இருந்தன. ஒருநாள் விடியற்காலையில் கூட்டைத் திறந்தபோது எட்டுக் கோழிகள் கழுத்தில் கடியுண்டு இறந்துகிடந்தன. அவற்றுள் இரண்டின் உடல்தான் தின்னப்பட்டிருந்தது. வேலியோரத்தில் நாள்தோறும் ஒரு கீரி திரிவதை நாங்கள் கண்டிருந்தோம். குற்றவாளி அதுவே என்று அக்கணமே தீர்மானித்து, அதைப் பிடிப்பதற்குப் பொறி தேடவும் புறப்பட்டுவிட்டோம். பக்கத்து வீட்டு அம்மையார் எங்களைத் தடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கீரி பகலில் அலைகிற பிராணி. உங்கள் கோழிகள் செத்தது இரவில் அல்லவா?"

நாங்கள் வாயடைத்து நின்றோம். பிறகு அவரே கூட்டின் கூரையைச் சுட்டிக் காட்டினார். ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் இடையே ஒரு கைப்பிடி அகலத்தில் இடைவெளி இருந்தது. அருகிலிருந்த மதிற்சுவரின்மேல் கிடந்த எச்சத்தில் கூந்தற்பனையின் விதைகள் நிறைந்திருந்தன. பழமும் தின்று, வாய்ப்புக் கிடைத்தால் கோழியும் தின்னும் இரவுப்பிராணியான மரநாய் வந்து போனதற்கு அதுவே அடையாளம். பலாக்கிளை வழியாக மதிலுக்கும், மதிலிலிருந்து கூரைக்கும் அது வந்திருக்கிறது. கதவைத் தாழிட்ட நாங்கள் கூரையைப் பார்க்கவில்லை.

அன்று நாங்கள் கற்ற பாடத்தையே இங்கே நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம். கோழிக்குக் காவல் செய்ய முற்படுவோர் முதலில் அறியவேண்டியது, வந்தது யார், எந்த நேரத்தில், எந்த வழியாக என்பதே. அதை அறியாமல் செய்யும் காவல் வீண்செலவாகும்; அதை அறியாமல் எடுக்கும் பழி பெரும்பாலும் குற்றமற்ற பிராணியின்மீது விழும்.

இதில் பெயர்க்குழப்பம் ஒரு சிறு இடையூறு. தமிழில் மரநாய் எனப்படுவது மலையாளத்தில் 'மரப்பட்டி'. 'பட்டி' என்பது அம்மொழியில் நாயைக் குறிப்பதால் இரு பெயர்களும் ஒன்றையொன்று அப்படியே ஒத்திருக்கின்றன. ஆனால் 'வெருகு' என்னும் சொல் அவ்வாறன்று. பழந்தமிழில் அது காட்டுப்பூனையைக் குறிக்கும். இன்றைய மலையாளத்திலோ புனுகுப்பூனையைக் குறிக்கும். இரண்டும் கோழி பிடிப்பவையே. ஆயினும் பக்கத்து வீட்டார் 'வெருகு வந்தது' என்று சொல்லும்போது அவர் எதைக் கண்டார் என்று விசாரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒவ்வொரு பிராணியும் தான் வந்துபோன அடையாளத்தை விட்டுச் செல்கிறது. பட்டப்பகலில் குஞ்சு ஒன்று சுவடின்றி மறைந்தால் பருந்தையோ வல்லூறையோ காகத்தையோ நினைக்கவேண்டும். முட்டை ஓடு கூட இல்லாமல் முழுமையாக மறைந்தால் பாம்போ உடும்போ வந்திருக்கலாம். உடைந்த ஓடுகள் சிதறிக் கிடந்தால் கீரி, காகம், பெருச்சாளி இவற்றுள் ஒன்றாகலாம். கீரி முட்டையைப் பின்னங்கால்களுக்கிடையே பின்னோக்கி எறிந்து கல்லில் மோதி உடைக்கும் வழக்கமுடையது. இறந்த குஞ்சின் தலையும் தோளும் எச்சில்பட்டு ஈரமாக ஒட்டியிருந்தால், விழுங்க முயன்று முடியாமல் பாம்பு கைவிட்டுச் சென்றது என்று கொள்ளலாம். மலைப்பாம்பு சில வேளைகளில் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடப்பதுண்டு. மெலிந்த உடலோடு நுழைந்த இடைவெளி, கோழியை விழுங்கிப் பருத்த உடலுக்குப் போதாமற்போவதே காரணம். பெரிய கோழி ஒன்று இரவில் காணாமற்போய், இறகுகள் ஒரு திசை நோக்கி வரிசையாக உதிர்ந்திருந்தால் காட்டுப்பூனையோ நரியோ தூக்கிச் சென்றிருக்கும். கம்பிவலை பிய்க்கப்பட்டு, கோழிகள் பல இடங்களில் கிழிந்து கிடந்தால் அது பெரும்பாலும் தெருநாய்களின் செயலாகும்.

ஒன்றிரண்டைத் தின்பதற்காக எட்டைக் கொல்வானேன் என்று சிலர் கேட்கலாம். வெட்டவெளியில் ஒரு கோழி பிடிபட்டால் மற்றவை பறந்தோடிவிடும். வேட்டையும் அத்துடன் முடியும். அடைத்த கூட்டுக்குள் ஓட இடமில்லை. இருளில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாததால் அது தப்பும் வழியறியாது படபடத்துச் சிறகடிக்கிறது. அப்படபடப்பே வேட்டைப்பிராணியின் இயல்பூக்கத்தை மீண்டும் மீண்டும் தூண்டுகிறது. எனவே இடைவெளியுள்ள கூடு, கூடே இல்லாத நிலையைவிடக் கொடியது. மரத்தில் அடையும் கோழிக்காவது ஓடும் வாய்ப்பு உண்டு.

ஆகவே இரவுக்காவல் என்பது கூட்டைச் செம்மையாக அமைப்பதேயாகும். இரவில் அடைவதற்கு மட்டும் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடமேனும் வேண்டும். பத்துக் கோழிகளுக்கு நான்கடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள கூடு போதுமானது. கூட்டைத் தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் கால்களின்மேல் நிறுத்தி, கால்களைச் சுற்றி வழுவழுப்பான தகரத்தைப் பொருத்தினால் எலியும் பாம்பும் ஏறுவது கடினமாகும். அடித்தளச் சட்டங்களுக்கிடையே எச்சம் விழுவதற்கு வேண்டிய இடைவெளி மட்டும் இருக்கட்டும். அது அகன்றால் கீழிருந்தே கோழியின் காலைப் பற்றி இழுக்கும் பிராணிகள் உண்டு.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலை கோழியை உள்ளே நிறுத்துவதற்கு ஏற்றது. பகையை வெளியே நிறுத்துவதற்கு ஏற்றதன்று. நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். பாம்புக்குஞ்சும் எலியும் கண் வழியே நுழைந்துவிடும். அரை அங்குலச் சதுரக் கண்ணுடைய, பற்றவைத்த கம்பிவலையே தகுந்தது. காற்றோட்டத்துக்கு விட்ட திறப்புகளையும் கூரையோரத்தையும் அதே வலையால் மூடவேண்டும். கூடு தரையிலேயே அமைந்திருப்பின், வலையை ஓரடி ஆழம் மண்ணில் புதைக்கலாம். நம் பகுதியின் செம்பாறை மண் தோண்டுதற்கு அரிதாயின், வலையைக் கூட்டைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குத் தரைமேல் விரித்து, அதன்மேல் கல் அடுக்கினாலும் போதும். சுவரடியில் தோண்ட வரும் பிராணி வலையின்மேல் நின்றுகொண்டு தோண்ட முடியாமல் திரும்பிவிடும். கதவுக்குக் கொக்கி போதாது; தாழ்ப்பாள் வேண்டும். கூரைக்குமேல் தாழ்ந்த கிளைகளை வெட்டிவிடவேண்டும் என்பதை எங்கள் அனுபவத்திலிருந்து தனியாக வற்புறுத்துகிறோம்.

பகற்காவலின் முறை வேறு. பகலில் மிகுந்த ஆபத்துக்குள்ளாவன குஞ்சுகளே. முதல் ஆறு எட்டு வாரங்கள் அவற்றைத் திறந்தவெளியில் தனியே விடலாகாது. நம் பாட்டிமார் மூங்கிலில் முடைந்த பஞ்சாரத்தால் குஞ்சுகளைக் கவிழ்த்து மூடிவைத்த வழக்கம் இன்றும் பழுதற்றது. வளர்ந்த கோழிகள் மேயுமிடத்தில் செம்பருத்தி போன்ற அடர்ந்த செடிகள் இருப்பின், பருந்தின் நிழல் தெரிந்தவுடன் பதுங்குவதற்கு அவை உதவும். சேவல் வானத்திலிருந்து வரும் பகையைக் கண்டால் நீண்ட கூரிய குரலும், தரையில் வரும் பகையைக் கண்டால் விட்டுவிட்டு ஒலிக்கும் கொக்கரிப்பும் எழுப்புகிறது. பெட்டைகள் அவ்வேறுபாட்டை உணர்ந்து, முன்னதற்குப் பதுங்கும். பின்னதற்கு நிமிர்ந்து பார்க்கும். ஆதலின் கூட்டத்தோடு ஒரு சேவலை வைத்திருப்பது செலவில்லாத காவலாகும். கின்னிக்கோழிகளும் அந்நியப் பிராணியைக் கண்டால் ஓயாமல் கூச்சலிடும்.

விழிஞ்ஞம், பூந்துறை முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து கிடைக்கும் பழைய மீன்வலையை மேயுமிடத்துக்குமேல் பந்தல்போல் கட்டினால் பருந்தும் காகமும் அணுகா. ஆனால் அவ்வலையை இழுத்துக் கட்டவேண்டும். தரையில் தொய்ந்து கிடக்கும் நைலான் வலையில் பாம்புகள் சிக்கி மாள்கின்றன; சிக்கிய பாம்பை விடுவிக்கப்போகும் மனிதர்க்கும் அதனால் ஆபத்து.

கோழியை இழந்தவரின் கோபம் இயல்பானதே. ஆயினும் அக்கோபத்தால் செய்யலாகாதவை சில உண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கீரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு, மலைப்பாம்பு, பருந்து முதலியவற்றைக் கொல்வதும் பொறிவைத்துப் பிடிப்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும். சட்டத்தைத் தவிர நம் நலனும் இதில் அடங்கியுள்ளது. சாரைப்பாம்பும் கீரியும் காட்டுப்பூனையும் நாள்தோறும் தின்பது எலியை. மழைக்காலந்தோறும் எலிக்காய்ச்சலுக்கு ஆளாகும் கேரளத்தில், எலி தின்னும் பிராணிகளை நாமே ஒழிப்பது அறிவுடைமையாகாது. விஷம் வைப்பதோ இன்னும் தீது. வைத்தவர் நினைத்த வாய்க்கு மட்டும் அது செல்வதில்லை. வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவது எல்லாவற்றினும் கொடியது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலப்புறம் மாவட்டத்து வழிக்கடவில், காட்டுப்பன்றிக்கென வைத்த மின்கம்பியில் சிக்கிப் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். எந்தப் பிராணியால் வரும் இழப்பும் அதற்கு ஈடாகாது.

கூட்டுக்குள் பாம்பைக் கண்டால் கோலெடுக்க வேண்டாம். கேரள வனத்துறை 2020ஆம் ஆண்டில் தொடங்கிய 'சர்ப்ப' என்னும் கைப்பேசிச் செயலி வழியாகச் செய்தி அறிவித்தால், பயிற்சி பெற்ற ஒருவர் வந்து பாம்பைப் பிடித்து அப்புறப்படுத்துவார். மழைக்காலத்தில் வளைகளில் நீர் புகும்போது பாம்புகள் உலர்ந்த இடம் தேடி வருவதால், அம்மாதங்களில் முட்டை எடுப்பதற்கு முன் கூட்டுக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்துக் கைவைப்பதே பாதுகாப்பு.

இறுதியாக, காவலில் தலையாயது ஒரு வேளையைத் தவறாமை. திருவனந்தபுரத்தில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே பொழுது சாய்கிறது. அந்நேரத்தில் கோழிகள் தாமாகவே கூட்டை நாடும். நாம் செய்யவேண்டியது எண்ணிப் பார்த்துத் தாழிடுவது மட்டுமே. இந்த வேளையின் அச்சம் புதியதன்று. குறுந்தொகையின் 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் புலவர், மாலைப்பொழுதில் வேலியருகே வெருகு வரக்கண்டு, தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் வீட்டுக்கோழியை உவமையாக்கியிருக்கிறார். அத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் வேலி அதுவே, வேளை அதுவே, கோழியின் கூவலும் அதுவே.

எஞ்சிய மூன்று கோழிகளோடு நாங்கள் மீண்டும் தொடங்கினோம். கூரையின் இடைவெளியைக் கம்பிவலையால் மூடினோம், பலாக்கிளையை வெட்டினோம். மரநாய் அதன்பிறகும் மதிலின்மேல் வந்துபோனதற்கு விதை நிறைந்த எச்சம் சாட்சி கூறியது. கோழிகள் குறையவில்லை. வேலியோரத்துக் கீரியும் முன்போலவே பகலில் எலி தேடித் திரிந்தது. அதைக் காணும்போதெல்லாம், கேள்வி கேட்க ஓர் அயலார் இல்லாதிருந்தால் அதன் உயிரைப் போக்கியிருப்போமே என்று நாங்கள் வெட்கினோம்.