சம்பளம் வாங்காத செயலாளர்

சங்கத்தின் கொடியை ஊர் அறியும். மேடையில் முழங்குபவரை நாடு அறியும். ஆனால் கடிதம் எழுதி, சந்தாக் கணக்குப் பார்த்து, கூட்டம் முடிந்தபின் விளக்கை அணைத்து வீடு திரும்புகிறாரே செயலாளர், அவரை யார் அறிவார்? அத்தகைய ஒருவரைப் பற்றித்தான் இன்று தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பெயர் வில்லியம் கோல்பி. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் 1875-ல் பிறந்தவர். வழக்கறிஞர், சுரங்கச் சட்டத்தில் வல்லுநர். சுரங்கச் சட்டம் அவருக்குச் சோறு போட்டது. நெஞ்சமோ மலையிடத்தும் மரத்திடத்தும் இருந்தது. ஜான் மியூர் முதலியோர் 1892-ல் நிறுவிய சியெரா சங்கத்தின் செயலாளராக 1900-ல் அமர்ந்தார். தலைவராயிருந்த இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, 1946 வரை அப்பொறுப்பை விட்டாரில்லை. 44 ஆண்டுகள்! சம்பளம்? ஒரு காசு இல்லை.

என்ன செய்தார்? 1901-ல் ஏறத்தாழ நூறு பேரைத் திரட்டி மலைக்கு அழைத்துச் சென்றார். 1929 வரை ஆண்டுதோறும் இந்தப் பயணத்தை முன்னின்று நடத்தினார். காணாத காட்டைக் காக்க எவன் முன்வருவான்? கண்டவன்தானே வருவான்! மாநிலத்தின் பிடியிலிருந்த யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை நாட்டின் பொதுச்சொத்தாக்க மியூரும் அவரும் வாதாடினர். 1905-ல் மாநிலச் சட்டமன்றம் இசைந்தது. 1906-ல் அது கைமாறியது.

வெற்றி மட்டுமா? தோல்வியும் உண்டு. 1906 நிலநடுக்கத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரம் தீப்பற்றி எரிந்தது. குழாய்கள் உடைந்தன, அணைக்கத் தண்ணீர் இல்லை. அந்நாளில் நகருக்குத் தண்ணீர் விற்றது ஒரு தனியார் கம்பெனி. நகருக்கென்று சொந்தத் தண்ணீர் வேண்டும் என்ற முழக்கம் ஓங்கியது. அதற்காக, யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கை அணை கட்டி மூழ்கடிக்கத் திட்டமிட்டனர்.

தொழிலாளித் தோழர் கேட்கலாம்: "குடிநீர் பெரிதா, மலையழகு பெரிதா?" நியாயமான கேள்வி! தண்ணீர் வேண்டாம் என்று கோல்பி சொல்லவில்லை. வேறிடத்தில் எடுக்கலாம், பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் கை வைக்காதீர் என்றார். சங்கத்துக்குள்ளேயே பிளவு. நிறுவியவருள் ஒருவரான வழக்கறிஞர் வாரன் ஆல்னி நகரின் பக்கம் நின்றார். 1910-ல் உறுப்பினரிடம் வாக்கெடுத்தனர். அணை வேண்டாம் என்றோர் 589. வேண்டும் என்றோர் 161. ஆயினும் 1913-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அணைக்கு அனுமதி தந்தது. பள்ளத்தாக்கு மூழ்கியது. இன்றும் சான்பிரான்சிஸ்கோ அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. 1914-ல் மியூரும் மறைந்தார்.

போர் தோற்றது, தளபதி போனார். செயலாளர் என்ன செய்தார்? வீட்டுக்குள் முடங்கினாரா? இல்லை. நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, அடுத்த கூட்டத்துக்குக் கடிதம் எழுதினார்!

பலன் வந்தது. 1927-ல் அமைந்த கலிபோர்னியா மாநிலப் பூங்கா ஆணையத்தின் முதல் தலைவர் அவரே. மறு ஆண்டே, பூங்கா நிலம் வாங்க 60 இலட்சம் டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தனர். பெருமரக் காடுகளும் கடற்கரைகளும் பொதுவுடைமையாயின. பணக்காரனுக்குத் தோட்டமும் தோப்பும் சொந்தமாக உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உலவ ஏழைக்கு உள்ளதெல்லாம் பொது இடம் ஒன்றுதானே! அதைக் காப்பது சீமான்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

1961-ல் சங்கம் தன் முதல் ஜான் மியூர் விருதை அவருக்கு வழங்கியது. 1964-ல், 89-ஆம் வயதில் மறைந்தார்.

குறையே இல்லாதவர் என்று நாம் சொல்லவில்லை. நாம் வியப்பது ஒன்றைத்தான்: தோற்ற மறுநாளும் அவர் கணக்குப் புத்தகம் திறந்தே இருந்தது. நம் ஊர்க் கிளைகளிலும் இத்தகைய செயலாளர்கள் இருக்கிறார்கள். மாலை விழும் கழுத்தையே பார்க்கும் நாம், பேனா பிடித்துக் காய்த்த அந்த விரல்களையும் ஒருமுறை பார்ப்போம், தோழர்களே!