மென்பந்து: மட்டை தாமதமாக வருகிறதா? கை வலுவைக் குறை சொல்லாதீர்

ஜெலாப்பாங் – மென்பந்தில் மகள் அடிக்கும் மட்டை எப்போதும் தாமதமாக வருகிறதா? ‘கையில் வலு இல்லை’ என்று அவளை ஒதுக்கிவிட வேண்டாம்.

மகளிர் ஆட்டத்தில் பந்து வீசுமிடத்திற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 13.11 மீட்டர்தான். மணிக்கு 96 கிலோமீட்டர் வேகப் பந்து அதை அரை நொடிக்குள் கடந்துவிடும். அடிக்கும் வலு காலில் தொடங்கி, இடுப்பு, தோள் வழியாகக் கைக்கு வர வேண்டும். கைகள் முந்திக்கொண்டு உடலைவிட்டு விலகினால், மட்டை பெரிய வட்டம் சுற்றும். அதற்குள் பந்து போய்விடும்.

வீட்டு வேலியருகே இதைச் சோதிக்கலாம். வேலியைப் பார்த்து நின்று, மட்டையின் பிடிமுனையை வயிற்றில் வையுங்கள். மறுமுனை வேலியைத் தொட வேண்டும். அதே இடத்தில் நின்று மெதுவாகச் சுழற்றுங்கள். வேலியில் இடித்தால், கை விலகுகிறது என்று பொருள். இடிக்காமல் சுழலும்வரை பழகலாம்; இதற்குப் பந்துகூட வேண்டாம்.