ஒரே கானம், மூன்று இசைத்தட்டுகள்

ஏசுநாதரைப் பற்றி ஹாண்டெல் இயற்றிய கோஷ்டி கானம் 'மெஸையா'. 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில் அது அரங்கேறியபோது, பெண்மணிகள் வளையம் வைத்த பாவாடை அணியாமல் வரும்படி விளம்பரம் செய்திருந்தார்கள்! இன்னும் பலருக்கு இடம் கிடைக்குமல்லவா? வசூலில் ஒரு பகுதியைக் கொண்டு, கடன்பட்டுச் சிறையிலிருந்த 142 பேர் விடுதலையானார்கள்.

அன்று பாடியது சிறு கோஷ்டிதான். ஸர் தாமஸ் பீச்சம் 1959-ல் பதிவு செய்த இசைத்தட்டைக் கேட்டால் அதை நம்பவே முடியாது. பெரிய வாத்தியக் கூட்டம். போதாததற்கு ஜாலரா வேறு! 'ஹல்லேலூயா' கல்யாண ஊர்வலம் மாதிரி வருகிறது. கேட்கக் குஷிதான், வார்த்தைதான் காதில் சரியாக விழவில்லை.

இதற்கு நேர் எதிர், 1980-ல் வெளிவந்த கிறிஸ்டோபர் ஹாக்வுட் தட்டு. எல்லாம் பழைய கால வாத்தியங்கள். கோஷ்டியில் பெண்களே இல்லை. மேல் ஸ்தாயியைச் சிறுவர்கள் பாடுகிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், தனிப் பாடல்களில் எம்மா கிர்க்பியின் பளிங்குக் குரல் இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனசு நிறையவில்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? காலின் டேவிஸ், 1966. அளவான கோஷ்டி, பெண் குரல்களும் உண்டு, நல்ல விறுவிறுப்பு. ஒரு குரல் விட்ட இடத்தை இன்னொரு குரல் பிடிப்பது தெளிவாகக் கேட்கிறது. பீச்சத்தைப் பண்டிகை நாளில் போட்டுக் கேட்கலாம், அடுத்த வீட்டுக்காரர் ஊரில் இல்லாவிட்டால்!