உயர்தரத்தில் பிரெஞ்சு: எங்கள் பிள்ளைக்கு அது எதற்கு?

சாதாரண தரப் பெறுபேறுகள் வந்துவிட்டால் கெலிஓயாவில் எல்லா வீடுகளிலும் ஒரே பேச்சுத்தான். விஞ்ஞானமா, வர்த்தகமா, இரண்டும் சரிவராவிட்டால் கலையா? கலைப்பிரிவு என்று முடிவானதும் யோசிப்பதையே நிறுத்திவிடுகிறோம். மூத்த பிள்ளை எடுத்த பாடங்களையே அடுத்த பிள்ளையும் எடுக்கும்.

என் ராத்தாவின் மகள் இம்முறை, "மாமா, நான் பிரெஞ்சும் ஒரு பாடமா எடுக்கப் போறேன்" என்றாள். இரண்டு வருடங்களாக வார இறுதியில் கண்டிக்குப் போய்ப் படித்து வருபவள். ராத்தாவுக்குப் பிடிக்கவில்லை. "பர்தாவுக்குத் தடை போட்ட நாட்டுப் பாஷை எங்கட பிள்ளைக்கு எதுக்கு தம்பி?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தேடியதில் நான் அறிந்துகொண்டதை மற்றப் பெற்றோருக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தத் தடை. 1905இல் பிரான்ஸ் மதத்தையும் அரசையும் பிரித்துச் சட்டம் இயற்றியது. அந்தக் கொள்கையைக் காட்டியே 2004இல் அரச பாடசாலை மாணவர்கள் வெளிப்படையான மத அடையாளங்களை அணிவது தடுக்கப்பட்டது. 2010இல் பொது இடங்களில் முகத்தை மூடுவதும் தடையானது. இவற்றால் முஸ்லிம் பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சட்டங்களை எதிர்த்து அங்குள்ள முஸ்லிம்கள் எழுதுவதும் வாதாடுவதும் பிரெஞ்சில்தான். மொழி அரசாங்கத்தின் சொத்து அல்ல. செனகல், மாலி, நைஜர், அல்ஜீரியா, மொரோக்கோ, தூனிசியா என்று கோடிக்கணக்கான முஸ்லிம்கள் பிரெஞ்சு பேசுகிறார்கள். ஹைதராபாத்தில் பிறந்து பாரிஸில் நீண்டகாலம் வாழ்ந்த கலாநிதி முஹம்மத் ஹமீதுல்லாஹ், 1959இல் அல்குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டார்.

இரண்டாவது, பாடம் கஷ்டமா என்பது. எங்கள் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று தமிழ். ஆங்கிலத்தில் எல்லோரும் 'யூ'தான். பிரெஞ்சில் நெருங்கியவருக்கு 'து', பெரியவருக்கும் அறிமுகம் இல்லாதவருக்கும் 'வூ'. நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

மற்றையது அரபு. பிரெஞ்சில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. முதக்கர், முஅன்னஸ் படித்த பிள்ளை இதைக் கண்டு மிரளாது. ஆனால் ஒரு வேடிக்கை: அரபியில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், பிரெஞ்சில் நேர்மாறு. சீனிக்கு அரபியில் 'ஸுக்கர்', பிரெஞ்சில் 'சுக்ர்'. இலக்கத்தைக் குறிக்கும் 'ஷிஃப்ர்' என்ற சொல்லும் அரபியின் 'ஸிஃப்ர்' வழியாக வந்ததுதான்.

உயர்தர மட்டத்தில் இலக்கணம் மட்டும் போதாது. அந்த மக்களின் வரலாறு, வாழ்க்கை முறை, பண்பாடு எல்லாம் தெரிய வேண்டும். ஏன் என்பதற்குக் கண்டியிலேயே ஒரு கதை இருக்கிறது. 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை திருகோணமலைக்கு வந்தது. அதன் தளபதி, இரண்டாம் இராஜசிங்க மன்னனிடம் தூதர் ஒருவரை அனுப்பினார். அவர் கண்டி அரசவையின் ஒழுங்குகளை மதிக்காமல் நடந்து, மன்னனின் கோபத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்டார். அவர் பெயரிலிருந்து வந்த 'லானெரோல்' என்ற குடும்பப் பெயர் இன்றும் இலங்கையில் உண்டு. பண்பாடு தெரியாமல் தூது போனால் இதுதான் நடக்கும்.

மூன்றாவது, பலன். களனிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெறலாம். சுற்றுலா வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர் என்று வேலைகள் இருக்கின்றன. பேராதனைப் பூங்காவுக்கும் தலதா மாளிகைக்கும் வரும் பிரெஞ்சுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியா போகும் வேன்கள் எங்கள் கெலிஓயா வீதியால்தான் போகின்றன. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளில் அரபும் பிரெஞ்சும் இரண்டு. இரண்டையும் ஒருசேர அறிந்தவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்?

ஆனாலும் எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன். அடிப்படையே இல்லாத பிள்ளை, உயர்தர வகுப்பில் புதிதாகத் தொடங்கி நல்ல சித்தி எடுப்பது மிகக் கடினம். இசட் புள்ளிதான் பல்கலைக்கழக வாசலைத் திறக்கிறது. ஆசைக்காக ஒரு பாடத்தைப் பணயம் வைக்கக் கூடாது. அப்படிப்பட்ட பிள்ளை கண்டியிலுள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்து, டெல்ஃப் பரீட்சையை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக எழுதலாம். அந்தச் சான்றிதழ் காலாவதியாவதில்லை. பாடமாகவே எடுப்பதானால், பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா, இல்லாவிட்டால் வெளியே படித்துத் தோற்ற முடியுமா என்று அதிபரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்புக் கட்டணத்தையும் மாலையில் பிள்ளை திரும்பி வரும் வழியையும் கணக்கில் எடுங்கள்.

ஆங்கிலக் கல்வி மார்க்கத்துக்கு ஆபத்து என்று நம்மவர்கள் ஒதுங்கி நின்ற காலத்தில், கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை அதைப் படியுங்கள் என்று வாதாடினார். அன்று ஒதுங்கியதால் இழந்தது எவ்வளவு என்பது நமக்குத் தெரியும்.

ராத்தா இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. "பார்ப்போம்" என்றார். மகளோ சூரியன் ஆணா பெண்ணா என்று உம்மாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இன்ஷா அல்லாஹ், நல்லதே நடக்கும். உங்கள் பிள்ளையும் இப்படி ஒரு பாடத்தைக் கேட்டால், "எதற்கு?" என்று நீங்களும் கேளுங்கள். பதிலை முழுவதுமாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.